வேலூர் மலையடிவாரத்தில் மனை வாங்கினால் காட்டுத்தீ மண்டல விதிகள் பொருந்துமா?

ஐயா, உங்கள் கேள்வியில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் மகன் கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய சமவெளி நகரம் ஒன்றில் வாங்கவிருக்கும் வீடு. விற்பவர் கொடுத்த தாள்களில் அது ‘மிதமான தீ அபாய மண்டலம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் கலக்கம். மற்றொன்று, பாகாயத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் நீங்கள் பார்த்துவைத்திருக்கும் மனை. அங்கே வரைபடம் போட்டு வீட்டுக்கு வீடு எச்சரிக்கிறார்கள். இங்கே மலை கொல்லைப்புறத்திலேயே நிற்கிறது, ஆனால் ஒரு தாளிலும் ஒரு வரி இல்லை. வேலூரில் அப்படி ஏதாவது மண்டலம் இருக்கிறதா, கட்டட அனுமதிக்கோ விலைக்கோ அது குறுக்கே வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. காட்டுத்தீயைக் காரணம் காட்டி மனைகளைத் தரம் பிரிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. அனுமதிக்கும் அது குறுக்கே வராது. ஆனால் ‘விதி இல்லை’ என்பதை ‘ஆபத்து இல்லை’ என்று படித்துக்கொள்ள வேண்டாம். மலையடிவார மனையில் பார்க்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவற்றில் தீ முதலிடத்தில் இல்லை என்பதே என் கருத்து.

மகன் வீட்டை முதலில் முடித்துவிடுவோம். 1991இல் ஓக்லாந்து நகரின் குன்றுப் பகுதியில் பரவிய தீயில் 25 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 1992இல் வந்த சட்டம்தான் நகர எல்லைக்குள்ளும் தீ அபாய மண்டலங்களைக் குறிக்கச் சொன்னது. நெடுங்காலம் நகரங்களுக்கு ‘மிக அதிகம்’ என்ற ஒரே படிநிலைதான் வரைபடத்தில் இருந்தது. 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த மாநிலத் தீயணைப்புத் துறை நான்கு கட்டங்களாக வெளியிட்ட புதிய வரைபடங்களில்தான் ‘மிதமானது’, ‘அதிகம்’ என்ற இரண்டு படிகளும் சேர்ந்தன. அதனால் அதுவரை எந்த வண்ணமும் பூசப்படாமல் இருந்த பல தெருக்கள் திடீரென்று வரைபடத்துக்குள் வந்துவிட்டன. அந்த நிலம் ஓர் இரவில் மாறிவிடவில்லை. கணக்கெடுக்கும் முறைதான் மாறியது. உள்ளூர் நகராட்சி அந்த வரைபடத்தை 120 நாட்களுக்குள் தன் சட்டமாக ஏற்க வேண்டும். படியை உயர்த்தலாம்; குறைக்க அதிகாரமில்லை. கவுன்சிலரைப் பிடித்துத் தெருவை வெளியே எடுத்துவிடும் வேலை அங்கே நடக்காது.

அந்த வரைபடம் நிலத்தைத்தான் அளக்கிறது, வீட்டை அல்ல. சரிவு, செடிகொடிகள், பழைய தீக்களின் வரலாறு, காற்று, தீப்பொறி எவ்வளவு தூரம் பறக்கும் என்பதையெல்லாம் வைத்து, 30 முதல் 50 ஆண்டுக் காலத்தில் அங்கே தீ வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு மூர்க்கமாக எரியும் என்று கணிக்கிறார்கள். வீட்டுக் கூரை எதனால் ஆனது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. அதை வைத்து வரும் கடமைகளும் மேல்படிகளுக்கே. ‘அதிகம்’, ‘மிக அதிகம்’ என்ற மண்டலங்களில் புதிதாகக் கட்டுகிறவர் எளிதில் தீப்பற்றாத கூரையும் சுவரும் வைக்க வேண்டும். பரணின் காற்றுத்துளைகளில் தீப்பொறி நுழையாதபடி நுண்வலை அடிக்க வேண்டும். ‘மிக அதிகம்’ என்றால் வீட்டைச் சுற்றி 100 அடிக்குக் காய்ந்த புல் பூண்டை ஒழிக்க வேண்டும். 2021 ஜூலை முதல் அந்த இரண்டு மேல்மண்டலங்களில் வீட்டை விற்கிறவர், இந்த ஒழிப்பு நடந்திருக்கிறதா என்பதற்கான தாளையும் வாங்குபவரிடம் தர வேண்டும். உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் பொறுப்பில் உள்ள நகரத்தில் ‘மிதமானது’ என்ற படிக்கு மாநிலச் சட்டம் இந்தச் சுமைகளை ஏற்றவில்லை. மகன் பயப்பட வேண்டியது வரைபடத்தை அல்ல, காப்பீட்டை. அங்குள்ள நிறுவனங்கள் இந்த வரைபடத்தை வைத்துப் பிரீமியம் போடுவதில்லை. தங்களுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே காப்பீட்டுத் தொகையை எழுத்தில் வாங்கிவிடச் சொல்லுங்கள்.

‘மிதமானது’ என்றால் நிம்மதியாகத் தூங்கலாமா? 2017 அக்டோபரில் சான்டா ரோசா நகரத்தின் காஃபி பார்க் குடியிருப்பு எந்த அபாய மண்டலத்திலும் இல்லை. சமவெளியில் வரிசை வரிசையாக வீடுகள், நடுவே ஆறு வழி நெடுஞ்சாலை. குன்றிலிருந்து புயல்காற்றில் பறந்துவந்த தீப்பொறிகள் அந்தச் சாலையைத் தாண்டி விழுந்து, வீட்டிலிருந்து வீட்டுக்குப் பற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே இரவில் சாம்பலாயின. 2025 ஜனவரி 7ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் அருகே மூண்ட இரண்டு தீக்களில் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அவற்றில் ஆல்டடீனா பகுதியில் எரிந்த பல வீடுகள் அப்போதைய ‘மிக அதிக’ மண்டலத்துக்கு வெளியே இருந்தவை. கோடு போட்டது துறை. அந்தக் கோடு காற்றைக் கட்டுப்படுத்தாது.

இனி நம் ஊர். உங்கள் மனைக்கு வரைபடம் போடும் பொறியாளர் எப்போதாவது ‘தீ மண்டலம் 1’ என்று சொன்னால் குழம்பாதீர்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதியில் தீ மண்டலங்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை கட்டடத்தின் பயன்பாட்டை வைத்து நகரத்தைப் பிரிப்பவை. குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, சில்லறைக் கடை எல்லாம் முதல் மண்டலம். பெரிய அலுவலகங்களும் ஆபத்துக் குறைவான தொழிற்கூடங்களும் இரண்டாவது. கிடங்கு, வெடிக்கும் அல்லது எளிதில் எரியும் பொருட்களைக் கையாளும் இடம் மூன்றாவது. பக்கத்தில் காடு இருக்கிறதா, மலை இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. அதேபோல தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று 18.30 மீட்டருக்கு மேல் உயரும் அடுக்குமாடிகள் போன்றவற்றுக்குத்தான். இரண்டு மாடித் தனிவீட்டுக்கு யாரும் கேட்கப்போவதில்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் புரட்டினால் பக்கவெளி, சாலை அகலம், மழைநீர் சேகரிப்பு எல்லாம் கிடைக்கும். காட்டுத்தீக்கென்று வீட்டைச் சுற்றி இத்தனை மீட்டர் வெட்டவெளி விட வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் காண முடியாது.

நம் முன்னோர்கள் தீயைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பதல்ல. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே புல், ஓலை, பாய் கொண்டு வெளிக்கூரையும் சுவரும் அமைக்க நகராட்சியின் அனுமதி வேண்டும் என்று இருந்தது. அவர்கள் கண்ட தீ குடிசைத் தீ. ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவும் தீ. காஃபி பார்க்கில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுவே. வேலூரில் காங்கிரீட் மட்டக்கூரையும் செங்கல் சுவரும் பெருகியதுமே அந்த அச்சம் சட்டப் புத்தகத்துக்குள் தூங்கப் போய்விட்டது. நியாயம்தான். அமெரிக்க வீடு மரச்சட்டத்தில் நிற்கிறது. கூரைக்குள் பரண், பரணுக்குக் காற்றுத்துளை, துளை வழியாகத் தீப்பொறி. நம் வீட்டில் அந்த வழி அடைபட்டிருக்கிறது.

காட்டுக்கு வரைபடம் இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவீட்டு நிறுவனம் நாட்டின் காடுகளை 5 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, தீக்கு ஆளாகும் தன்மையில் ஐந்து படிகளாக வகைப்படுத்தியிருக்கிறது. செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும் தீப்புள்ளிகளை உடனுக்குடன் வனத்துறைக்கு அனுப்புகிறது. பொதுமக்களும் கைப்பேசி எண்ணைப் பதிந்து அந்த எச்சரிக்கையைப் பெறலாம். மலையடிவாரத்தில் குடியேறப்போகிற நீங்கள் அதைச் செய்துவிடுங்கள், செலவில்லை. ஆனால் 5 கிலோமீட்டர் கட்டத்துக்குள் பாகாயமும் அடங்கும், மலையும் அடங்கும், நடுவிலுள்ள ஏரியும் அடங்கும். அதை வைத்து ஒரு மனையைத் தீர்மானிக்க முடியாது. அந்த நோக்கத்துக்காக அது செய்யப்படவும் இல்லை.

சரி, நம் மலைகளில் தீ எப்படி எரிகிறது? ஜவ்வாது மலையும் அமிர்தி, ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கத்துக் காடுகளும் இலையுதிர் காடுகள். தை, மாசியில் இலை கொட்டி, பங்குனியில் தரை முழுக்கச் சருகு. எரிவது அந்தச் சருகும் இடுப்புயரப் புல்லும். மரத்தின் தலையில் ஏறித் தாவும் தீ இங்கே அபூர்வம். மூட்டுபவன் பெரும்பாலும் மனிதன்தான்: புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துபவர், முயல் விரட்டுபவர், பீடித்துண்டு, மலைக்கோயிலில் அணையாமல் விட்ட கற்பூரம். 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படி காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். இருந்தும் ஆண்டுதோறும் கோடையில் இரவு நேரத்தில் மலைச்சரிவில் செந்நிறக் கோடு ஒன்று மெதுவாக ஏறுவதை இங்கு வளர்ந்த யாரும் பார்த்திருப்பார்கள். வனத்துறையினர் கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு போட்டுச் சருகை அகற்றுகிறார்கள். தீ வந்துவிட்டால் பச்சைத் தழையால் அடித்தும், தீ வரும் வழியிலுள்ள சருகை முன்கூட்டியே எரித்துவிடும் எதிர்த்தீ வைத்தும் அணைக்கிறார்கள். சரிவில் தண்ணீர் வண்டி ஏறாது.

அந்தச் செந்நிறக் கோடு ‘ஏறுகிறது’ என்றேன். மனை வாங்குபவருக்கு முக்கியமான விஷயம் அதுதான். தீ மேல்நோக்கித்தான் விரையும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சரிவில் சிக்கி 23 பேர் உயிரிழந்ததன் பின்னணியில் இந்த இயற்பியல்தான் இருக்கிறது. சரிவின் உச்சியில் நிற்பவருக்குத் தீ எமன். அடிவாரத்தில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. கலிபோர்னியாவில் அடிவாரமும் எரிவதற்குக் காரணம், உலர்ந்த புயல்காற்று மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கித் தீயைக் கீழே தள்ளுவது. வேலூரில் வெயில் 40 பாகையைத் தாண்டும், அக்னி நட்சத்திரத்தில் உடல் வெந்துபோகும்; ஆனால் அப்படிப்பட்ட இறங்குகாற்று நமக்கு இல்லை. இடையில் ஒரு கோடைமழை வந்தால் அந்த ஆண்டுத் தீக்காலமே முடிந்துவிடும். நகரத்தை ஒட்டிய குன்றுகள் பாதிக்குமேல் வெறும் பாறை. எரிய என்ன இருக்கிறது? அந்த வகையில் வேலூரைக் காட்டுத்தீ அபாயம் குறைந்த நகரம் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் தீ மேலே போகிறது என்றால், புறப்படும் இடம் கீழே என்றுதானே பொருள். பல நேரம் அது மனைப்பிரிவின் கடைசி வரிசையில், கட்டப்படாத காலி மனையில் யாரோ கொளுத்திய குப்பையிலிருந்து புறப்படுகிறது. திறந்தவெளியில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. அபராதம் கட்டிய ஒருவரை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள். உங்கள் மனைக்கு இரு பக்கமும் ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடக்கும் மனைகள் இருந்தால் என்னைக் கவலைப்படுத்துவது அதுவே, மலை அல்ல. அந்தப் புல்லைச் சித்திரைக்கு முன் வெட்ட ஆளில்லை. உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்.

காங்கிரீட் வீடு எரியாது என்றாலும் வீட்டோடு ஒட்டியவை எரியும். மலையடிவார வீடுகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் முதலில் பின்பக்கம்தான் போவேன். பின்சுவரை ஒட்டி வண்டி நிறுத்தக் கீற்றுக் கொட்டகை. அதன் நிழலில் பழைய மரக்கதவு, சாக்குமூட்டை, வரட்டி. ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடில் மூன்று விரற்கடை உயரத்துக்கு வேப்பஞ்சருகு. சுவரைத் துளைத்து ஏசி குழாய் போகும் இடத்தில் அடைத்த நுரை. மொட்டைமாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, அதிலிருந்து இறங்கும் பிவிசி குழாய். பின்கதவுக்கு வெளியே, வெயிலில், நிரப்பிய எரிவாயு உருளை. ஒரு தீப்பொறிக்கு இதற்குமேல் என்ன வரவேற்பு வேண்டும்? கலிபோர்னியா இப்போது வலியுறுத்தும் முதல் பாடம் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் எரியக்கூடியது எதுவும் கூடாது என்பது. அதற்கான சட்டத்தை அங்கே 2020இல் கொண்டுவந்தார்கள். ரோஜாச் செடியைப் பிடுங்கச் சொல்கிறார்களே என்று மக்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நாம் சட்டமில்லாமலே அதைச் செய்துவிடலாம். பின்பக்கம் ஐந்து அடிக்குச் சிமென்ட் தளமோ ஜல்லியோ போட்டு, கொட்டகைக்குத் தகரம் மாற்றி, சன்ஷேடைப் பொங்கலுக்கு ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை கூட்டிவிட்டால் போதும். வேலியோர உண்ணிப்புதரை வேரோடு எடுத்துவிடுங்கள். பச்சையாக இருந்தாலும் கோடையில் அது நன்றாகவே எரியும். வேப்பமரத்தை வெட்டாதீர்கள். கிளை கூரையைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் நிழல் மிச்சம்.

இனித் தாள்கள். மலையடிவார மனையில் பணம் முடங்குவது தீயால் அல்ல, எல்லையால். கிராம வரைபடத்தையும், புல எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படத்தையும், நிலத்தின் வகையைக் குறிக்கும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் வாங்கி, உங்கள் புல எண்ணுக்கு அடுத்தது காப்புக்காடா, கல்லாங்குத்துப் புறம்போக்கா, தனியார் பட்டாவா என்று பாருங்கள். காப்புக்காடு என்றால் வனச்சட்டம் பதினாறாம் பிரிவின்படி இறுதி அறிவிக்கை வந்ததா, நான்காம் பிரிவின் முதல் அறிவிக்கையோடு நிற்கிறதா என்பது முக்கியம். நான்காம் பிரிவோடு நிற்கும் நிலத்தில் உரிமை முடிவாகவில்லை என்று பொருள். அதில் ஓர் அங்குலம் உங்கள் மனைக்குள் வந்தாலும் தலைவலி. எல்லைக்கல்லை நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். காட்டை ஒட்டிய மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும்போது பொதுவாக வனத்துறையின் கருத்தைக் கேட்பார்கள். அந்தக் கடிதத்தின் நகலை விற்பவரிடம் கேளுங்கள். ‘எல்லாம் இருக்கிறது சார்’ என்று வாயால் சொல்லிவிட்டு நகலுக்கு நாள் கடத்தினால் அதுவே பதில். மலைப்பகுதிகளில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் வருவாய்க் கிராமம் இருக்கிறதா என்பதையும் உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்தில் விசாரியுங்கள். மலைமேல் உள்ள கிராமங்களுக்குத்தான் அது பெரும்பாலும் பொருந்தும், இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது.

தீ முதலிடத்தில் இல்லை என்று ஏன் சொன்னேன்? 2021 நவம்பர் மழையில் வேலூர் காகிதப்பட்டறையில் மலையிலிருந்து உருண்ட பாறை ஒரு வீட்டின்மேல் விழுந்து தாயும் மகளும் இறந்தார்கள். வேலூர்க் குன்றுகளில் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இடையிலுள்ள மண்ணை மழை கரைத்தால் எந்தக் கல் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. தீயும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. சரிவின் புல்லும் புதரும் எரிந்துபோனால் மண்ணைப் பிடிக்க வேரில்லை. அடுத்த ஐப்பசியில் தண்ணீர் சேற்றோடு இறங்கும். ஆகவே கோடையில் மலை எரிந்த இடத்துக்கு நேர் கீழே மனை என்றால், மழையின்போது தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே விலை பேசுங்கள். மனைப்பிரிவுக்காரர்கள் முதலில் மூடுவது அந்த ஓடையைத்தான். பழைய புலப்படத்தில் அது கோடாக இருக்கும். இப்போதைய மனை வரைபடத்தில் முப்பதடிச் சாலையாக மாறியிருக்கும்.

காப்பீட்டில் மட்டும் நம் நிலை மகனுடையதைவிட மேல். 2021 ஏப்ரல் முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று வகுத்த ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ பாலிசியில் காட்டுத்தீ, புதர்த்தீ இரண்டும் அடக்கம். நிலச்சரிவும் பாறைச்சரிவும் அடக்கம். பிரீமியமும் கையைக் கடிக்காது. வங்கிக் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டுவது பெரும்பாலும் உங்கள் ஆயுளுக்கான பாலிசி, வீட்டுக்கானது அல்ல. எது என்று படித்துப் பார்த்துக் கேளுங்கள். நிலத்தின் விலையைச் சேர்க்காமல், கட்டடத்தை மறுபடி கட்ட ஆகும் செலவுக்குத்தான் தொகையைக் குறிக்க வேண்டும்.

விலை பற்றிக் கேட்டீர்கள். இங்கே தீ அபாயத்துக்காக யாரும் ஒரு ரூபாய் குறைக்கமாட்டார்கள். ‘மலைக்காட்சி’ என்று சொல்லிக் கூட்டத்தான் செய்வார்கள். நீங்கள் பேரம் பேச வேண்டிய இடம் கடைசி வரிசை. அடிவாரத்திலிருந்து இரண்டு வரிசை உள்ளே தள்ளி, முன்னும் பின்னும் வீடு கட்டிக் குடியிருக்கும் மனை அதே விலைக்குக் கிடைத்தால் அதை எடுங்கள். கடைசி வரிசைதான் வேண்டுமென்றால், பின்பக்கத்தில் சட்டம் கேட்பதற்குமேல் ஒரு பத்தடி விட்டுக் கட்டும்படி வரைபடம் போடச் சொல்லுங்கள். தீயணைப்பு வண்டி அந்தத் தெருவுக்குள் திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். குப்பை லாரி வந்து திரும்பும் தெரு என்றால் அதுவும் திரும்பும்.